இணைப்பில் இருப்பவரின் பெயர்

துர்காவின் தொண்டை தறிச் சத்தத்தில் விளைந்த தொண்டை. முள்ளிப்பட்டில் அவள் அப்பா சம்பந்தம் பட்டு நெய்கிறவர். குழித்தறியில் இறங்கி உட்கார்ந்துவிட்டால் கைக்கும் வேலை, காலுக்கும் வேலை. பேப்பர் படிக்க மூன்றாவது கை ஏது? ஆனால் மனுஷனுக்குப் பேப்பர் பைத்தியம். ஆகவே பள்ளிக்கூடம் கிளம்பும் முன் மகளைக் குழியோரம் நிறுத்தி, முதல் பக்கத் தலைப்பிலிருந்து கடைசிப் பக்கத்துச் சினிமா விளம்பரம் வரை உரக்கப் படிக்கச் சொல்வார். பக்கத்து வீட்டிலும் தறி, எதிர்வீட்டிலும் தறி. அத்தனைக்கும் மேலே ஏறி, ஒரு சொல்லையும் விழுங்காமல் படித்தாக வேண்டும். "இன்னா முணுமுணுக்கற? ஒண்ணும் கேக்கல. திருப்பிப் படி" என்பார். பத்தாவது முடிப்பதற்குள் அந்தப் பெண்ணுக்கு ழகரமும் வந்துவிட்டது, கத்தாமலே கேட்கவைக்கும் வித்தையும் வந்துவிட்டது.

கல்லூரி முடித்த கையோடு ஆரணி டவுனில் ஓர் உள்ளூர் கேபிள் சேனலில் செய்தி வாசிக்கச் சேர்ந்தாள். சேனல் என்றதும் பெரிதாக எண்ணிக்கொள்ளாதீர்கள். செருப்புக்கடை மாடியில் ஒற்றை அறை. ஜன்னலைப் போர்வையால் அடைத்து, சுவரில் பச்சைத் துணி மாட்டியிருந்தார்கள். ஃபேன் ஓடினால் மைக்கில் இரையும் என்று அதையும் நிறுத்திவிடுவார்கள். கட்டிக்கொள்ளப் பட்டுப்புடவை ஏதாவது ஒரு கடையிலிருந்து இரவலாக வரும். கடை மடிப்புக் கலையாமல் திருப்பித் தர வேண்டும். அதனால் முந்தானையை மட்டும் பிரித்துத் தோளில் குத்திக்கொண்டு, மீதிப் புடவையை மடிப்போடு மடியில் வைத்துக்கொண்டு, கீழே பழைய சுடிதார் பேண்ட்டோடு உட்கார்ந்து, "வணக்கம், ஆரணி நகரச் செய்திகள்" என்று கம்பீரமாகத் தொடங்குவாள். பார்க்கிறவர்களுக்கு மகாராணி மாதிரி இருக்கும்.

உள்ளூர்ச் செய்தி என்பது விளையாட்டில்லை. டெல்லியில் யாரோ ஓர் அமைச்சர் பெயரைத் தப்பாகப் படித்தால் கேட்க ஆளில்லை. ஆனால் ஆரணி சைதாப்பேட்டைத் தெருவில் காலமானவர் பெயரை மாற்றிப் படித்துப் பாருங்கள், மறுநாள் பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் வழிமறிப்பார்கள். "இன்னாம்மா, எங்க சித்தப்பா பேர இப்படிப் பேஜார் பண்ணிட்டியே!" இரண்டொரு தடவை அப்படி மாட்டிக்கொண்டு முகம் சிவந்த பிறகு, எந்தச் செய்தியானாலும் சம்பந்தப்பட்டவர்களுக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் படிப்பது என்று வழக்கம் வைத்துக்கொண்டாள். அப்படியும் தப்பு நேர்ந்தால் மறுநாள் முதல் வேலையாகத் திரையில் மன்னிப்புக் கேட்பாள். ஊரில் அவளுக்கு மரியாதை வந்தது அழகினால் இல்லை, இதனால்தான்.

அந்தச் சேனலுக்குக் கேமரா பிடித்தவன் தணிகாசலம். கண்ணமங்கலத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பம். பகலெல்லாம் கம்பம் கம்பமாக ஏறிக் கேபிள் இழுப்பான். சாயங்காலம் கையைக் கழுவிக்கொண்டு வந்து கேமராவுக்குப் பின்னால் நிற்பான். "தணிகாசலம், லைட்டு கண்ண கூசுது." "தணிகாசலம், மைக்கு ஆன்ல இருக்குதா?" "தணிகாசலம், நெத்தில வேர்வை தெரியுதா பாருங்க." நாளெல்லாம் அவள் வாயில் அந்தப் பெயர்தான். அவன் பதிலே பேசமாட்டான், சிரிப்பான். கடைசியில் அந்தச் சிரிப்புதான் ஆளைக் கவிழ்த்தது. இரண்டு வீட்டிலும் கொஞ்சநாள் முறுக்கிக்கொண்டார்கள், பிறகு வழிக்கு வந்தார்கள், கல்யாணம் நடந்தது.

தாலி ஏறிய அன்று சாயங்காலம் துர்கா வாய்தவறி, "தணிகாசலம், என் செருப்ப பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டாள். மாமியார் காசியம்மாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"எம்மா, இனிமே பேர் சொல்லிக் கூப்புடாத. கட்டினவ வாயால பேர் சொன்னா புருஷனுக்கு ஆயுசு கொறயும். எங்க வூட்ல யாரும் சொன்னது கெடயாது."

துர்கா படித்தவள். இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. "நீ நம்புறியா இதையெல்லாம்?" என்று அவனே கேட்டான்.

"நம்பலதான். ஆனா சோதிச்சுப் பாக்கறதுன்னா வேற எத வச்சாவது சோதிச்சுப் பாத்துக்கறேங்க. உங்க உசுர வச்சு வேணாம்" என்றாள்.

அன்றோடு அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து போயிற்று. "இன்னாங்க", "இத கேளுங்க", "கலை அப்பா" என்று காலம் ஓடியது. கலை என்பது மகள் கலைமகள். செல்போனில்கூட அவன் எண்ணுக்கு 'வீடு' என்றுதான் பெயர். செய்தி முடிவில் 'ஒளிப்பதிவு' என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வாள். பெயர் எழுத்தில் ஓடும். 'வெயில் தணிந்தது' என்று தாளில் இருந்தால் 'வெயில் குறைந்தது' என்று படிப்பாள். ஊருக்கே இது தெரியும். டீக்கடையில் வேண்டுமென்றே, "அம்மா, உங்க கேமராமேன் பேரு இன்னா?" என்று வம்புக்கு இழுப்பார்கள். அவள் முறைத்துக்கொண்டே போய்விடுவாள், உதட்டோரம் சிரிப்பு இருக்கும்.

பிறகு சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. மாநிலம் முழுக்கத் தெரிகிற செய்திச் சேனல். யாரோ அவள் வாசித்த துண்டு ஒன்றை அனுப்பிவைக்க, குரலைக் கேட்டுவிட்டு வரச்சொன்னார்கள். போனாள், படித்தாள், எடுத்துக்கொண்டார்கள். அவளைவிட அவனுக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவள் சென்னையில் மகளிர் விடுதியில் தங்குவது, விடுமுறைக்கு வருவது. அவன் மகளோடும் அம்மாவோடும் முள்ளிப்பட்டில், மாமனார் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பது. கொஞ்சநாளில் அவனும் சென்னைக்கு வந்துவிடுவது என்று ஏற்பாடு. அந்தக் கொஞ்சநாள் நீண்டுகொண்டே போனது. கேபிள் தொழில் படுத்துவிட்டதால், ஆரணி வட்டாரத்துச் செய்தியாளனாக அவனைச் சேர்த்துக்கொள்ளும்படி அதே சேனலில் சொல்லிவைத்தாள். தன் வீட்டுக்காரர் என்று சொல்லவில்லை. "தெரிஞ்சவரு, நல்லா வேல செய்வாரு" என்று மட்டும் சொன்னாள். சிபாரிசு என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம்தான், வேறொன்றுமில்லை.

சண்டை வந்தது ஒரு செய்தியால். தெள்ளார் பக்கம் பழைய சமுதாயக்கூடம் ஒன்று மழையில் இடிந்து விழுந்தது. அவன் போய்ப் படமெடுத்து, 'யாருக்கும் காயமில்லை' என்று தெளிவாக எழுதி அனுப்பினான். சென்னை மேசையில் யாரோ அதை 'பலர் இடிபாடுகளில் சிக்கியிருக்கலாம் என அச்சம்' என்று மாற்றிவிட்டார்கள். எதிரில் ஓடும் திரையில் என்ன வந்ததோ அதைத் துர்கா படித்தாள். இத்தனைக்கும் காலையிலேயே அவன் அவளுக்கும் அந்தப் படத்தையும் செய்தியையும் அனுப்பியிருந்தான். வெளியூரில் வேலை செய்கிற பிள்ளைகள் பதறிக்கொண்டு ஊருக்கு ஓடிவந்தார்கள். பெங்களூரிலிருந்து வந்த ஒருவன் தெள்ளார் கடைத்தெருவில் தணிகாசலத்தின் சட்டையைப் பிடித்துவிட்டான்.

அன்றைக்கு அவன் போனில் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"படிக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த என்ன கேட்டிருக்கலாமே துர்கா."

"நான் படிக்கறவதாங்க. எழுதறது வேற ஆளு. லைவ்ல ஒக்காந்துகினு உங்களுக்கு போன் போட முடியுமா?"

"செருப்புக்கடை மாடில இருந்தப்ப போட்டியே."

அவன் சொன்னது அத்தனையும் நியாயம் என்று தெரிந்ததால் அவளுக்குக் கோபம் இன்னும் கூடியது. "அப்ப நான் அங்கயே ஒக்காந்து சாவு சேதி படிச்சிகினு இருந்திருக்கணும்னு சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டாள். அவன் வைத்துவிட்டான். அதன்பிறகு பேச்சு இல்லை. அவள் கூப்பிட்டால் மகள் எடுப்பாள், மாமியார் எடுப்பார். "அப்பா இருக்காராடி?" என்றால், "வெளிய போயிருக்காரும்மா" என்பாள் கலை. பின்னால் அவன் செருமுவது கேட்கும். கார்த்திகை தீபத்துக்குக்கூட அவள் ஊருக்கு வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று சொன்னாள். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் அந்தப் புயல் வந்தது. கரையைக் கடந்ததும் கலைந்து போகாமல், உள்நாட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு கொட்டித் தீர்த்தது. விடியும்போது துர்கா செய்தி மேசையில் இருந்தாள். எழுந்ததிலிருந்து 'வீடு' என்ற எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அப்பா எண்ணும் அப்படியே. ஆரணியில் ஏரி உடைந்தது, ஆறும் ஏரியும் ஒன்றாகிவிட்டன என்று அவளே படிக்கிறாள். படித்துக்கொண்டே, கலை எங்கே இருப்பாள், யார் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள் என்று உள்ளுக்குள் பதறுகிறாள். முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது. அதுதானே உத்தியோகம்.

அப்போது காதுக்குள் மாட்டியிருந்த கருவியில் அருள்ராஜின் குரல் வந்தது. அவர்தான் கட்டுப்பாட்டு அறையிலிருந்து அந்த நிகழ்ச்சியை நடத்துகிறவர். "துர்கா, ஆரணி லைன் கெடச்சிருச்சு. நம்ம செய்தியாளர் தணிகாசலம். பேரைச் சொல்லிக் கேள்வி கேளுங்க."

உயிர் இருக்கிறது! முதலில் தோன்றியது அதுதான். அடுத்த கணம்தான் பெயர் உறைத்தது. வெள்ளத்துக்கு நடுவே நிற்கிற மனுஷன். இன்றைக்குப் பார்த்தா அந்தப் பெயரைச் சொல்வது?

"ஆரணிப் பகுதியிலிருந்து நமது செய்தியாளர் இணைப்பில் இருக்கிறார். சொல்லுங்க, இப்போது அங்கே நிலவரம் எப்படி இருக்கிறது?" என்றாள்.

"பேரு, பேரு" என்றார் அருள்ராஜ். அவள் கேளாதவள்போல் இருந்தாள்.

"வணக்கங்க துர்கா" என்றது அந்தக் குரல். பின்னால் ஒரே மழை. "ராத்திரி புடிச்ச மழ இன்னும் வுடல. முள்ளிப்பட்டுல தறிக்குழி பூரா தண்ணி. தறில இருந்த பாவு நூல சுருட்டி பரண் மேல போட்டுட்டு, ஜனங்க எல்லாரும் புள்ளைங்கள தூக்கிகினு பள்ளிக்கூட மாடிக்கு வந்துட்டாங்க. நானும் இப்ப அங்கதான் இருக்கேன்." குரலை உயர்த்தினான். "சம்பந்தம்னு ஒரு நெசவாளருங்க. அவரு பத்திரமா இருக்காரு, அவங்க வூட்டம்மாவும் பத்திரம். கண்ணமங்கலம் பக்கத்துலேந்து வந்து தங்கி இருக்கற காசியம்மாள்னு ஒரு பெரியம்மா, அவங்களும் பத்திரம். அவங்க மடில ரெண்டாங்கிளாஸ் படிக்கற ஒரு பொண்ணு. கலைமகள்னு பேரு. பிஸ்கட்டு தின்னுகினு இருக்குது. பயமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, சிரிச்சிகினுதான் இருக்குது."

"என்னங்க இவரு, ஊரே முழுகுது, பிஸ்கட் கதை சொல்றாரு! வெட்டுங்க" என்று அருள்ராஜ் காதுக்குள் கத்தினார்.

அவருக்கு என்ன தெரியும் பாவம். துர்கா மேசைக்கு அடியில் இரண்டு கையையும் இறுக்கிக் கோத்துக்கொண்டாள். அழக் கூடாது, அழக் கூடாது. மாநிலமே பார்க்கையில் ஒரு மனுஷன் தன் பெண்டாட்டிக்கு வீட்டுச் சேதி சொல்கிறான்; ஒருவருக்கும் தெரியாமல் சொல்கிறான். இத்தனை நாள் வைத்திருந்த கோபம் அந்தப் பிஸ்கட்டோடு கரைந்து போயிற்று.

எதிரே ஓடும் திரையில் அடுத்த வரி ஏறியது. 'ஆரணி அருகே வெள்ளத்தில் பலர் அடித்துச் செல்லப்பட்டிருக்கலாம் என அச்சம்.' அதே அச்சம், அதே 'பலர்'. அவள் படிக்கவில்லை.

"ஒரு நிமிடம்" என்றாள். "வெள்ளத்தில் பலர் அடித்துச் செல்லப்பட்டதாக எங்களுக்கு ஒரு தகவல் வந்திருக்கிறது. அதைப் படிப்பதற்கு முன்னால் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன். அது உண்மையா?"

மழைக்கு நடுவே அவன் குரல் தழைந்து வந்தது. "இல்லீங்க. மாடுங்க போயிருக்குது. எனக்குத் தெரிஞ்சு ஆளுங்க யாரும் போகல. நீங்க கேட்டீங்களே, அது போதுங்க."

"அந்தத் தகவல் தவறு. அதை நாங்கள் சொல்லப்போவதில்லை" என்று கேமராவைப் பார்த்துச் சொன்னாள் துர்கா. இதற்காக நிர்வாகம் அவளிடம் விளக்கம் கேட்டதும், அவள் பக்கம் நியாயம் இருக்கிறதென்று அருள்ராஜே எழுதிக் கொடுத்ததும், இன்றைக்கு அந்தச் சேனலில் 'துர்கா கேட்டுட்டாங்களா?' என்று விசாரிக்காமல் ஊர்ச் செய்தி எதுவும் ஏறுவதில்லை என்பதும் பின்னால் நடந்த கதை. அந்தக் காலையில் அவளுக்கு அதைப் பற்றியெல்லாம் நினைப்பே இல்லை.

"தரைப்பாலத்துக்கு அந்தாண்ட கொஞ்சம் வூடுங்க இருக்குது" என்று தொடர்ந்தான் அவன். "அங்க ஆளுங்க மாட்டிகினு இருக்காங்கன்றாங்க. எங்கிட்ட கேபிள் ஒயரு இருக்குது, கம்பத்துக்குக் கம்பம் கட்டிட்டா புடிச்சிகினு வந்துடுவாங்க. ஜல்தியா போவணும். நான் இப்ப கீழ எறங்கி அந்தப் பக்கம்தான் போயிகினு..."

ஏதோ இரைந்தது. யாரோ கூவினார்கள். அப்புறம் ஒன்றும் இல்லை.

இணைப்பு அறுந்தால் என்ன செய்வார்கள் என்று செய்தி பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். வாசிக்கிறவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். நான் பேசுவது கேட்கிறதா என்று கேட்க வேண்டும். "கூப்பிடுங்க துர்கா, பேரச் சொல்லிக் கூப்பிடுங்க, லைன் இன்னும் முழுசா போகல" என்றார் அருள்ராஜ்.

காசியம்மாள் சொன்னது மண்டைக்குள் ஓடியது. நம்பிக்கை இல்லைதான். ஆனால் தண்ணீரில் இறங்கிப் போகிறவனை வைத்து யார் சோதித்துப் பார்ப்பார்கள்? கூப்பிடாமலும் இருக்க முடியவில்லை. அவன் அங்கே காதில் போனை வைத்துக்கொண்டு காத்திருந்தால்?

"தணிகாசலம்" என்றாள்.

அந்தப் பெயர் அவள் காதுக்கே புதிதாக இருந்தது.

"தணிகாசலம், நான் பேசுவது கேட்கிறதா?" பதில் இல்லை. "தணிகாசலம்..." குரல் பிசிறியது. அச்சுத் தமிழ் கழன்று விழுந்து முள்ளிப்பட்டு வந்துவிட்டது. "தணிகாசலம், கேக்குதாங்க? எங்க இருக்கீங்க? கேக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்களேன்!"

கட்டுப்பாட்டு அறையில் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அருள்ராஜ் விளம்பரத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தார். "துர்கா, யாரு அவரு?"

"எங்க வீட்டுக்காரரு" என்றாள். அப்போதுதான் அழுதாள்.

அவள் தோளிலிருந்த மைக்கை அருள்ராஜே கழற்றினார். "கெளம்புங்கம்மா" என்றார். ஆபீஸ் கார் எல்லாம் மழைச் செய்திக்குப் போயிருந்தது. ஆற்காடு வரை போகிற பஸ் ஒன்றைப் பிடித்தாள்.

பஸ் பூந்தமல்லி தாண்டுவதற்குள் கண்டக்டர் அவள் முகத்தை இரண்டு தரம் பார்த்துவிட்டார். டிக்கெட் கொடுக்க வந்தவர் மெதுவாகக் கேட்டார். "நீங்க அந்த நியூஸ்ல வர்றவங்கதானேம்மா? தணிகாசலம் லைன்ல வந்துட்டாரா?"

அவள் விதிர்த்துப்போனாள். இல்லை என்று தலையாட்டினாள். அவள் கூப்பிட்ட அந்தக் காட்சி அதற்குள் போன் போனாகப் பரவிவிட்டிருந்தது. முன் சீட்டில் கைக்குழந்தையோடு இருந்த பெண் திரும்பி, "தணிகாசலத்துக்கு ஒண்ணும் ஆவாது அக்கா" என்றாள். ஆற்காடு டீக்கடையில் ஒரு பெரியவர் எழுந்து பெஞ்சில் இடம் கொடுத்துவிட்டு, "தணிகாசலம் கெடச்சாராம்மா?" என்றார். அதற்கு மேல் பஸ் ஓடவில்லை. அங்கிருந்து ஏற்றிக்கொண்ட பால் வண்டிக்காரனும் அதையேதான் கேட்டான். அவள் சொல்லாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெயர் வழி நெடுக எல்லார் வாயிலும் இருந்தது. முதலில் ஒவ்வொரு தரமும் நெஞ்சில் குத்தியது. போகப் போக, இத்தனை பேர் கூப்பிடுகிறார்களே, எவர் குரலாவது அவனுக்கு எட்டாதா என்று இருந்தது.

வண்டியும் நின்ற இடத்திலிருந்து முழங்கால் தண்ணீரில் நடந்து முள்ளிப்பட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மாடிப்படியில் சம்பந்தம் நின்றிருந்தார். மகளைப் பார்த்ததும், "வந்துட்டியா" என்றார். கலை ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா எங்கடி?"

"அந்தாண்ட போனாரும்மா. இன்னும் வரல."

காசியம்மாள் மாடியின் ஓரத்தில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தரைப்பாலத்துப் பக்கம் பார்த்தபடி நின்றிருந்தார். தலையில் போட்டிருந்த முந்தானை நனைந்து ஒட்டியிருந்தது. கரண்டு இல்லை, டிவி இல்லை. காலையில் நடந்தது எதுவும் அங்கே யாருக்கும் தெரியாது. தெரியாமலே போயிருக்கும். ஆனால் துர்காவால் அதை வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அத்த" என்றாள். "நான் அவரு பேர சொல்லிட்டேன். டிவில சொல்லிக் கூப்ட்டுட்டேன். ஒரு தபா இல்ல, நாலஞ்சு தபா. என்ன மன்னிச்சுடுங்கத்த."

காசியம்மாள் திரும்பினார். மருமகளை உச்சியிலிருந்து கால்வரை பார்த்தார். துர்கா தலையைக் குனிந்துகொண்டாள். அறை விழுந்தாலும் வாங்கிக்கொள்வது என்றே நின்றாள். கிழவி அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில், சுவரோரம் நிறுத்தினார். பேசியபோது குரலே இல்லை, வெறும் காற்றாக வந்தது.

"காலைலேந்து கூப்புட்டுகினு இருக்கேன். எனக்குத் தொண்ட போயிடுச்சு. நீ கூப்புடு."

"அத்த... ஆயுசு..."

"ஆயுசு கொறயும்னு எவ சொன்னா? நான்தான சொன்னேன்? இப்பவும் நான்தான் சொல்றேன். கூப்புடு!"

துர்கா சுவரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். எதிரே வயலும் இல்லை, வரப்பும் இல்லை; கண்ணுக்கெட்டியவரை கலங்கிய தண்ணீர். மூச்சை இழுத்துப் பிடித்துக் கூப்பிட்டாள்.

"தணிகாசலம்!"

அந்தக் குரல் தண்ணீர்மேல் போய்க்கொண்டே இருந்தது. திரும்பவும் கூப்பிட்டாள். திரும்பவும். ஒவ்வொரு தரமும் பக்கத்தில் காசியம்மாளின் உதடுகளும் அதே பெயருக்கு அசைந்தன, சத்தமில்லாமல்.

தரைப்பாலத்துக்கு அப்பால் ஒரு வெளிச்சம் தள்ளாடியது. ட்ராக்டர். டிரெய்லர் நிறைய ஆட்கள், மூட்டைகள், ஓர் ஆடு. முன்னால் இடுப்பளவு தண்ணீரில் ஒருவன் கேபிள் ஒயரைப் பிடித்து வழிகாட்டிக்கொண்டு வந்தான். அவன் தலையைத் தூக்கினான்.

"இன்னாம்மே! கேக்குது, கேக்குது! போனு தண்ணில பூடுச்சு! வந்துகினுதான் இருக்கேன்!"

மாடியே கூச்சலிட்டது. காசியம்மாள் நின்ற இடத்திலேயே பொத்தென்று உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். துர்கா மட்டும் நிறுத்தவில்லை. பதில் வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ட்ராக்டர் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து, அவன் நீர் சொட்டச் சொட்டப் படியேறி, எதிரே வந்து நின்று, "இதோ இருக்கேன் மே, எதுக்குக் கத்தற?" என்று கேட்ட பிறகும் இன்னொரு தரம், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, சொன்னாள்.